பதாகையில் தீபாவளி, பட்டியலில் இல்லை

பருவ விடுமுறையில் ஜெலாப்பாங்கிலுள்ள ஒரு பேரங்காடியில் பகுதிநேர வேலை செய்தேன். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே வாசலில் பெரிய பதாகை ஏறிவிட்டது. குத்துவிளக்கு, மயில், கோலம். நடுவில் 'அனைவருக்கும் தீபாவளி வாழ்த்துகள்'. 'னை'யில் முன்னால் வர வேண்டிய ஐகாரக் குறி எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. தமிழுக்கு ஏற்பில்லாத மென்பொருளில் வடிவமைத்தால் இப்படித்தான் ஆகும். மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "விலையைத்தானே தம்பி பார்ப்பாங்க!" என்றார்.

தமிழ் மொழிக் கழக இதழ் என்பதால் இந்த எழுத்துப் பிழையைப் பற்றியே நான் எழுதுவேன் என்று நண்பர்கள் எண்ணினார்கள். ஆனால், என்னை அதிகம் உறுத்தியது ஊழியர் அறைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு சிறிய தாள்.

1955ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டப்படி ஊழியருக்கு ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள் உண்டு. அவற்றில் ஐந்து கட்டாயமானவை: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மற்ற ஆறையும் அரசாங்கம் அறிவித்த விடுமுறைகளிலிருந்து முதலாளியே தேர்ந்தெடுக்கலாம். ஆண்டு பிறக்குமுன் அந்தப் பட்டியலை வேலையிடத்தில் ஒட்டிவிட வேண்டும். சரவாக்கைத் தவிர நாடெங்கும் தீபாவளி பொது விடுமுறைதான். எனினும் அந்த ஆறில் அது இடம்பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் பார்த்த தாளில் அது இல்லை.

இதில் கணக்கும் இருக்கிறது. பட்டியலிலுள்ள நாளில் காசாளரை வேலைக்கு அழைத்தால், விடுமுறைச் சம்பளத்தோடு மேலும் இரண்டு நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். பட்டியலில் இல்லையென்றால் அது மற்றுமொரு வேலைநாள், அவ்வளவுதான்.

கடைக்காரர் தீபாவளியை வைத்து வியாபாரம் செய்வதை நான் குறை கூறவில்லை. மலிவு விற்பனையில் எங்கள் வீட்டிலும்தான் எண்ணெயும் முறுக்கு மாவும் வாங்கினோம். சட்டமும் மீறப்படவில்லை. ஆனால், ஒரு பெருநாளின் பெயரால் மூன்று வாரம் கல்லாவை நிரப்பிக்கொள்ளும் நிறுவனம், அந்த ஒரு நாளைத் தன் ஊழியருக்குத் தர யோசிப்பது எந்த வகையில் நியாயம்? "எங்க தோட்டத்துல தீபாவளிக்குப் பெரட்டு கிடையாது" என்பார் பாட்டி. பால்மரம் வெட்டியவருக்குக் கிடைத்த நாள், குளிர்சாதனக் கடையில் நிற்கும் பேத்திக்குக் கிடைக்கவில்லை.

அன்று எனக்குக் கைகொடுத்தவர் மலாய்க்கார நண்பர். என் முறையை அவர் ஏற்றுக்கொண்டார். நோன்புப் பெருநாளில் அவருக்காக நான் நின்றேன். இப்படி நட்பால் சரிக்கட்டுவது இனிமைதான். ஆனால், எல்லாருக்கும் நண்பர் வாய்ப்பதில்லையே!

நம் கழகத்தின் முன்னாள் மாணவர்களில் மனிதவள அதிகாரிகள் இருக்கிறீர்கள், கிளை நிர்வாகிகளும் இருக்கிறீர்கள். டிசம்பரில் அடுத்த ஆண்டுக்கான ஆறு நாள்களை எழுதும் மேசையில் உங்களில் சிலராவது அமர்வீர்கள். அப்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாணவர்களே, பகுதிநேர வேலைக்குப் போனால் முதலில் அந்தத் தாளைத் தேடிப் படியுங்கள்.

என்னோடு வேலை செய்த காசாளர் அக்கா அந்த ஆண்டு சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு நாள் சம்பளம் போனது. அதற்கு முந்தைய இரவு பத்து மணிவரை தீபாவளிக் கூட்டத்துக்குப் பொருள்களைப் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.