சந்தைக் கத்தியை மட்டம் என்று ஒதுக்கலாமா?

சேலத்தில் மாங்காய்ப் பருவம் வந்துவிட்டால் வீட்டுக் கத்திக்கு ஓய்வில்லை. நாமக்கல் பக்கம் மரவள்ளிக்கிழங்குத் தோலும் சீவியாக வேண்டும். கொல்லுப்பட்டறையில் அடித்த இரும்புக் கத்தி இரண்டையும் நன்றாகவே வெட்டும். ஆனால் புளிப்பு பட்டால் கறுக்கும். ஈரத்தோடு விட்டால் மறுநாளே துருப்பிடிக்கும். வாரச்சந்தையில் மலிவாகக் கிடைக்கும் எவர்சில்வர் கத்தியில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. அதை மட்டச் சரக்கு என்று பேசுவது நியாயமில்லை.

1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்ற உலோகவியலாளர் உருக்கிய துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் 12.8 சதவீதம், கார்பன் 0.24 சதவீதம். துப்பாக்கிக் குழாய்க்காகத் தொடங்கிய அந்த ஆய்வு, சாப்பாட்டு மேசைக் கத்தியில்தான் முதலில் பயன் கண்டது. இன்றைய மலிவுக் கத்திகள் பலவற்றில் இருக்கும் 420 ரகமும் ஏறக்குறைய அதே கலவைதான்.

பாத்திரக் கடையில் காந்தம் ஒட்டினால் சரக்கு மட்டம் என்பார்கள். கத்திக்கு அந்தக் கணக்கு உதவாது. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்த 304 ரகம் பாத்திரத்துக்கு அருமையானது, காந்தம் ஒட்டாது. ஆனால் அதைக் காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது, முனை சீக்கிரம் மழுங்கும். 420 ரகத்தில் காந்தம் ஒட்டும். சுமார் 1,000 டிகிரியில் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்தால் இறுகும். விலை உயர்ந்த கத்தி அளவுக்குக் கூர் நிலைக்காது, உண்மைதான். ஆனால் சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் திரும்பிவிடும். அன்றாடம் சமைப்பவருக்கு இது பெரிய வசதி.

குறை பெரும்பாலும் எஃகில் இல்லை, பதம் போடுவதில் இருக்கிறது. சூட்டைச் சரியாகக் கொடுக்காத பட்டறையில் நல்ல தகடும் வீணாகும். தண்ணீர் தொடாமல் மோட்டார் சாணையில் அழுத்திப் பிடித்தால், முனை நீலம் பாய்ந்து இருந்த பதமும் போய்விடும்.

சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கத்திலிருந்து ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டும் ஊர் இது. இங்கே விற்கும் கத்தியிலாவது எஃகின் ரகமும் கடினத்தன்மையும் பொறிக்கப்பட வேண்டும். பதமே ஏறாத 430 ரகத்திலும் காந்தம் ஒட்டும் என்பதால், வாங்குபவர் காந்தத்தை மட்டும் நம்பிப் பயனில்லை. எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்று 2024-ல் ஒன்றிய அரசு அறிவித்தது. அந்த அக்கறை சந்தைக் கத்தி வாங்குபவருக்கும் கிடைக்க வேண்டும்.