"ஓடுதுதானே அம்மா, பிறகென்ன?"

கோடிங் பழகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கிற வசனம் இது. புரோகிராம் ஓடுது, உண்மைதான். ஆனால் திரையை ஒருக்கா எட்டிப் பாருங்கோ. ஏ, பி, எக்ஸ்1, எக்ஸ்2 என்று பெயர்கள். ஒரே எட்டு வரி நாலு இடத்தில் ஒட்டியிருக்கும். ரெண்டு கிழமை போனால் எழுதின பிள்ளைக்கே எது என்னவென்று விளங்காது.

சோம்பேறித்தனம் என்று ஏச வேண்டாம். வேலைக்குப் போகிற பெரியவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். அவசரம், முந்தி ஒருமுறை ஓடின கோட் மேல் உள்ள நம்பிக்கை. 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவில் இருந்து ஏரியன் 5 ராக்கெட் முதல் தடவை கிளம்பியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வெடித்துச் சிதறியது. ஏரியன் 4-இல் ஒழுங்காக ஓடிய மென்பொருளின் ஒரு பகுதியைப் புது ராக்கெட்டிலும் வைத்திருந்தார்கள். புதுசின் கிடைவேகம் அதிகம். அந்த எண், ஒதுக்கியிருந்த 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. துணைக்கு இன்னொரு கணினி இருந்ததே என்பீர்கள்; அதிலும் அதே கோட்தான்! இதில் பெரிய கொடுமை, ராக்கெட் கிளம்பின பிறகு அந்தக் கணக்கே தேவைப்படவில்லை.

கெட்டிக்காரர்கள் பிழை விடாதவர்கள் இல்லை. டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதிய டொனால்ட் நூத், அதில் தான் விட்ட பிழைகளை 1978 முதல் குறித்து வைத்து, வகை பிரித்து, 1989-இல் வெளியிட்டார். அவருடைய புத்தகங்களில் பிழை கண்டுபிடித்தவருக்கு 2008 வரை 2.56 டாலர் காசோலை அனுப்பினார். பலர் அதை மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்குக் கோடிங் தெரியாதே என்கிறீர்களா? பரவாயில்லை. சில புரோகிராமர்கள் மேசையில் ஒரு ரப்பர் வாத்தை வைத்து, அதுக்கு வரி வரியாக விளக்குவார்கள். சொல்லும்போதே பிழை பிடிபடும். அந்த வாத்தாக நீங்கள் இருக்கலாம். ஏஐ எழுதித் தந்த கோட் என்றாலும் விடாதேங்கோ. தமிழில் விளக்கச் சொன்னால் இன்னும் நல்லது. சொல் தெரியாமல் பிள்ளை நின்று யோசிக்கும் (எங்களுக்கும்தான் தடக்கும்), அந்த நிற்றலில்தான் "ஐயோ, இது பிழை" என்று வரும்.

விளக்கி முடிந்ததும் ஒரேயொரு கேள்வி கேளுங்கோ: "இந்த எண் இதைவிடப் பெரிசா வந்தா என்ன நடக்கும், தம்பி?"