டேங்க் மூடிக்கும் நிறம் வேண்டும்



ஒரே மாடல் கார் பெட்ரோலிலும் வருகிறது, டீசலிலும் வருகிறது. வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் எதைப் போடுவது என்று பங்க் ஊழியரால் சொல்லிவிட முடியாது. கூட்ட நேரத்தில் டீசல் காருக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு, யார் பிழை என்று வாக்குவாதம் நடப்பது இதனால்தான்.

அப்போது சண்டையைவிட முக்கியம், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இருப்பது. டீசல் இன்ஜினின் உயர் அழுத்த பம்புக்கு மசகாக இருப்பதும் டீசல்தான். பெட்ரோல் கலந்தால் அந்த வழவழப்புக் குறைந்து பம்பும் இன்ஜெக்டரும் பழுதாகும். வண்டியைத் தள்ளி நிறுத்தி, மெக்கானிக்கை அழைத்து டேங்கைக் காலி செய்தால் பெருஞ்செலவு தப்பும். 'மேலே டீசல் ஊற்றினால் சரியாகிவிடும்' என்ற யோசனைக்குச் செவிசாய்க்கக் கூடாது. பில்லைப் பத்திரப்படுத்தி, பங்கில் உள்ள புகார்ப் புத்தகத்திலும் எழுத வேண்டும்.

இந்தத் தவறு நேராமலே தடுக்க வழி உண்டு. டெல்லி வட்டாரத்தில், மாசுக் கட்டுப்பாட்டுக்காக, பெட்ரோல் வண்டிக்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு என்று ஸ்டிக்கர் ஒட்டும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றது. அதே நிறங்களை டேங்க் மூடியிலும் கட்டாயமாக்கலாம். எரிபொருளின் பெயரை வாய்விட்டுக் கேட்ட பிறகே நாசிலை எடுக்கும்படி ஊழியர்களுக்கு எண்ணெய் நிறுவனங்கள் உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகர், திருச்சி