மின்சார மோட்டாரும் மாறிப்போன முகவரியும்

கோடை பிறந்ததும் நம்மவர் இல்லங்களில் இரண்டு காரியங்கள் தொடங்கிவிடும். ஊருக்குப் போவதற்கு ரயிலில் இடம் பிடிப்பது ஒன்று. மாற்றல் உத்தரவு வந்தவர் தட்டுமுட்டுச் சாமான்களை விற்பது மற்றொன்று. போகிறவர் விற்பதும் வருகிறவர் வாங்குவதும் இந்த நாகபுரியில் நம் சங்கத்தாரிடையே நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். முன்பு கட்டிலும் பீரோவும் கைமாறின. பிறகு ஸ்கூட்டர்கள் கைமாறின. இப்பொழுது மின்சார மோட்டார் வண்டிகளும் கைமாறத் தொடங்கியிருக்கின்றன. பெட்ரோல் விற்கும் விலையில் இது வியப்பன்று. “பாதி விலைக்கு ஒன்று வருகிறது, வாங்கலாமா?” என்று அன்பர்கள் சிலர் அண்மையில் என்னைக் கேட்டனர்.

நான் எந்திர நுட்பம் பயின்றவன் அல்லன். ரயில்வே அலுவலகத்தில் காகிதங்களோடு காலம் கழிக்கும் குமாஸ்தா. ஆயினும் படித்தும் கேட்டும் அறிந்த வரையில், பழைய மின்சார வண்டியை வாங்குகிறவர் அதன் வர்ணத்தைப் பார்க்குமுன் அதன் காகிதங்களைப் பார்ப்பது நலம் என்பது என் துணிபு. அதன் காரணத்தை இம்மாதம் சற்று விளக்க விரும்புகிறேன்.

திரும்ப அழைத்தல்

வண்டி விற்பனையான பிறகு, அதன் உறுப்பு ஒன்றில் உயிருக்கு ஆபத்து விளைக்கத்தக்க குறை இருப்பது தெரியவந்தால், அந்த வகையைச் சேர்ந்த வண்டிகளை உற்பத்தியாளரே திரும்ப அழைத்து, உரிமையாளரிடம் காசு வாங்காமல் குறையை நீக்கித் தர வேண்டும். ‘ரீகால்’ என்று எல்லோரும் சொல்வது இதுதான். பெட்ரோல் வண்டிகளுக்கும் இது உண்டு. மின்சார வண்டியில் இதற்குத் தனி முக்கியத்துவம் ஏற்படுவது அதன் பாட்டரியால்.

வண்டியின் அடித்தளத்தில் நூற்றுக்கணக்கான மின்கலங்களை அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கலத்திலும் நேர்முனைத் தகட்டுக்கும் எதிர்முனைத் தகட்டுக்கும் நடுவே மெல்லிய திரை ஒன்று உண்டு. அந்தத் திரை பழுதுபட்டு இரு முனைகளும் தொட்டுக்கொண்டால் உள்ளுக்குள்ளேயே மின்சாரம் பாய்ந்து சூடு ஏறும். ஒரு கலத்தின் சூடு அடுத்த கலத்தைப் பற்றும். வண்டி ஓடும்போதுதான் என்பதில்லை; இரவில் வாசலில் சும்மா நிற்கும்போதும் இது நேரலாம். இத்தகைய குறை மிகச் சில வண்டிகளில்தான் இருக்கும். ஆனால் வெளியிலிருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க எந்த மெக்கானிக்காலும் இயலாது.

நமக்கு அருகிலுள்ள உதாரணம் ஒன்று சொல்கிறேன். தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் ‘கோனா’ என்னும் மின்சார வண்டியை 2019-ஆம் ஆண்டு ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்குக் கொணர்ந்தது. இங்கு விற்றவை நம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த தொழிற்சாலையில் கோக்கப்பட்டவை. கொரியாவிலும் பிற நாடுகளிலும் இவ்வகை வண்டிகள் சில தீப்பற்றவே, 2020 அக்டோபரில் திரும்ப அழைத்தல் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் இந்தியாவில் 456 வண்டிகள் அழைக்கப்பட்டன. முதலில் கண்ட பரிகாரம் பாட்டரியைக் கண்காணிக்கும் மென்பொருளைத் திருத்துவதும், பழுது தென்பட்டால் மட்டும் பாட்டரியை மாற்றுவதும் ஆகும். அது போதவில்லை. 2021 பிப்ரவரியில், கோனாவும் வேறு சில வகைகளுமாக உலகெங்கும் சுமார் 82,000 வண்டிகளின் பாட்டரிகளையே மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ‘போல்ட்’ வண்டிக்கும் இதே கதைதான். 2020 நவம்பரில் ஏறத்தாழ 68,000 வண்டிகளை அழைத்து மென்பொருளைத் திருத்தினார்கள். திருத்திய வண்டிகளிலும் தீப்பற்றியது. 2021 ஜூலையில் மறுபடி அழைத்தார்கள். ஆகஸ்டில் அதுவரை செய்த எல்லா போல்ட் வண்டிகளையும், ஏறக்குறைய 1,42,000-ஐயும், அழைத்தார்கள். ஒரே கலத்தில் இரண்டு உற்பத்திக் குறைகள் சேர்ந்து அமைந்துவிடுவதே காரணம் என்று கண்டார்கள். புதிய பாட்டரி கிடைக்கும் வரை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சார்ஜ் ஏற்றலாகாது, சார்ஜ் ஆனதும் வண்டியை வீட்டுக்கு வெளியே நிறுத்த வேண்டும், இரவில் வீட்டுக்குள் சார்ஜ் போட்டுவிட்டு உறங்கலாகாது என்று உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

இவற்றிலிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு. “எல்லாம் ஒருதரம் சரி பார்த்தாயிற்று” என்று விற்பவர் சொன்னால் அது முடிந்த முடிபு ஆகாது. எந்த அழைப்பு, என்ன வேலை, எந்தத் தேதி என்று கேட்க வேண்டும். மற்றொன்று, அழைப்புக்கு உட்பட்ட வண்டி என்றதும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பாட்டரி மாற்றிய போல்ட் வண்டிகளுக்குப் புதிய பாட்டரியோடு 8 ஆண்டு உத்தரவாதமும் கிடைத்தது. அழைப்பு வந்து முறையாகக் குறை நீங்கிய வண்டியில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. அழைப்பு வந்தும் போகாமலே நின்ற வண்டிக்குத்தான் அஞ்ச வேண்டும்.

முப்பது பேர் எழுதிய புகார்

குறைகள் எவ்வாறு வெளிச்சத்துக்கு வருகின்றன? பெரும்பாலும் உரிமையாளர் எழுதும் புகாரால்தான். ஹூண்டாயின் ‘அயானிக் 5’ என்னும் வண்டியில், பெரிய பாட்டரியிலிருந்து சிறிய 12 வோல்ட் பாட்டரிக்கு மின்சாரம் அனுப்பும் கருவி ஒன்று பழுதாகி வந்தது. ‘டப்’ என்று ஒரு சத்தம். முகப்புப் பலகையில் எச்சரிக்கை விளக்கு. பிறகு நடுச்சாலையில் வண்டியின் வேகம் குன்றிவிடும். 2023 ஜூனில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் இதைப் பற்றி விசாரணை தொடங்கியபோது, அதன் கையிலிருந்த புகார்கள் முப்பதே. சாலையில் ஓடிய அவ்வகை வண்டிகளோ சுமார் 39,000. அந்த முப்பது பேரின் சொல்லைக் கேட்டு விசாரித்ததன் பின் 2024 மார்ச்சில் அங்கே வண்டிகள் அழைக்கப்பட்டன. அதே கருவிக்காக 2024 ஜூனில் இந்தியாவில் 1,744 அயானிக் வண்டிகள் அழைக்கப்பட்டன. அடுத்த மாதம் அதே கருவியைக் கொண்ட கியா நிறுவனத்தின் ‘இ.வி. 6’ வண்டிகள் 1,138 இங்கே அழைக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் அவ்வகைக்கு மீண்டும் ஓர் அழைப்பு வந்தது. எங்கோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து எழுதிய புகார், கடல் கடந்து வந்து இங்கே ஒரு குடும்பத்தை நடுச்சாலையில் நிற்காமல் காத்தது என்று சொன்னால் அது மிகையன்று.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தால் 110-ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. ஒரு வகை வண்டியின் உரிமையாளரில் குறித்த அளவினர் குறையைத் தெரிவித்தாலோ, சோதனை நிலையம் முதலிய வேறு வழிகளில் தெரியவந்தாலோ, மத்திய அரசு அவ்வகையைத் திரும்ப அழைக்க உத்தரவிடலாம். உற்பத்தியாளர் குறையை நீக்கியோ, வேறு வண்டி கொடுத்தோ, விலையைத் திருப்பியோ ஈடு செய்ய வேண்டும். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் தேதியன்று நடைமுறைக்கு வந்தன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும். அரசின் உத்தரவால் அழைக்க நேர்ந்தால் அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். புகார்களைப் பதிவு செய்ய மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் ‘வாகன்’ இணையதளத்தில் ஒரு பகுதி ஏற்படுத்தியிருக்கிறார்கள். எண்ணிக்கை சேர்ந்தால்தான் சக்கரம் சுழலும் என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். திண்ணையில் பேசிய குறை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

கடிதம் யாருக்குப் போகிறது?

இனி நம்மைப் போன்று ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்கே உரிய இடைஞ்சலுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, மாற்றலாகிப் போன ஒருவரிடமிருந்து ஈராண்டு ஓடிய மின்சார வண்டியை வாங்கியது. ஆர். டி. ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றமெல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் உற்பத்தி நிறுவனத்தின் புத்தகத்தில் முதல் உரிமையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அப்படியே இருந்தன. அவ்வகை வண்டிக்கு அழைப்பு வந்தபோது செய்தி அவருக்குத்தான் போயிற்று. அவரோ அந்த எண்ணை எப்பொழுதோ விட்டுவிட்டார். பதினொரு மாதம் கழித்து, குளிர்சாதனம் வேலை செய்யவில்லை என்று வண்டியை சர்வீஸ் நிலையத்துக்கு எடுத்துச் சென்றபோதுதான், அங்கிருந்தவர் சேஸிஸ் எண்ணைத் தட்டிப் பார்த்து அழைப்பு நிலுவையில் இருப்பதைச் சொன்னார். அந்தப் பதினொரு மாதமும் இரண்டு குழந்தைகளை நாள்தோறும் பள்ளிக்கு ஏற்றிச் சென்ற வண்டி அது. தீங்கு ஏதும் நேரவில்லை. ஆனால் அந்த அம்மையாருக்கு அதன் பிறகு பல இரவுகள் உறக்கம் வரவில்லை.

ரயில்வேயில் இப்படி நேர்வது அரிது. சரக்கு வாகன் ஒன்றுக்கு 11 இலக்க எண் உண்டு. அது அதன் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கும். அந்த வாகன் நாகபுரியில் நின்றாலென்ன, கௌஹாத்தியில் நின்றாலென்ன, டி. எக்ஸ். ஆர். அதைப் பார்க்கிறார், பழுது இருந்தால் குறியிட்டு ‘சிக் லைனுக்கு’ அனுப்பிவிடுகிறார். வாகனுக்கு யாரும் கடிதம் எழுதி, அது வீட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மோட்டார் வண்டியிலோ குறை ஒட்டிக்கொண்டிருப்பது சேஸிஸ் எண்ணில். செய்தி போவது மனிதரின் முகவரிக்கு. மனிதர் மாறினால் செய்தி தவறும். ஆகவே வாங்குகிறவர் தாமே டி. எக்ஸ். ஆர். ஆகி, எண்ணைக் கொண்டு விசாரித்தாக வேண்டும்.

வாங்குமுன்

முதலாவது: 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட சேஸிஸ் எண்ணை வண்டியிலிருந்தே எழுதிக்கொண்டு, ஆர். சி.-யோடு ஒத்துப்பாருங்கள்.

இரண்டாவது: அந்த எண்ணை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்தில் கொடுத்து, நிலுவையில் உள்ள அழைப்பு உண்டா, முன்பு செய்த வேலைகள் எவை என்று எழுத்தில் கேளுங்கள். வேலை முடிந்ததற்கு ஜாப் கார்டு நகலே சாட்சி.

மூன்றாவது: பாட்டரியின் ஆரோக்கிய அறிக்கையை அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். அடிப்பாகத்தில் கல் மோதிய தடமோ வெள்ளத்தில் நின்ற அடையாளமோ உண்டா என்று வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காவது: பாட்டரி உத்தரவாதம் இரண்டாவது உரிமையாளருக்கும் செல்லுமா, எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் எஞ்சியிருக்கிறது என்பதை உத்தரவாதப் புத்தகத்திலேயே படியுங்கள். முதல் உரிமையாளருக்கு நீண்ட காலமும் அடுத்தவருக்குக் குறைந்த காலமும் வைப்பதுண்டு.

வாங்கிய பின்

பெயர் மாற்றம் இரண்டு புத்தகங்களில் நடக்க வேண்டும். ஒன்று அரசின் புத்தகம். 29, 30 எண் படிவங்கள் அதற்கு உரியவை. வேறு மாநிலத்திலிருந்து வந்த வண்டியானால் அங்கிருந்து ஆட்சேபணையின்மைச் சான்றும் வேண்டும். மற்றொன்று நிறுவனத்தின் புத்தகம். இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். சர்வீஸ் நிலையத்துக்கு ஆர். சி. நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் மாற்றச் சொல்லிச் சீல் வைத்த நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் மறுபடி மாற்றலானால் மறுபடி தெரிவியுங்கள்.

குவார்ட்டர்ஸில் குடியிருப்போர் ஜன்னல் வழியே நீண்ட வயரை இழுத்துச் சார்ஜ் போடுவதை நான் கண்டிருக்கிறேன். அருள்கூர்ந்து அதைச் செய்யாதீர்கள். உரிய அனுமதி பெற்று, நல்ல எர்த் உள்ள தனி இணைப்பு வையுங்கள். இவ்வூர் மே மாத வெயிலில் நின்று கொதித்த வண்டியைச் சற்று ஆறவிட்டுச் சார்ஜ் ஏற்றுங்கள்.

ஏதேனும் குறை தென்பட்டால் தேதி, ஓடிய கிலோமீட்டர், அப்போதிருந்த சார்ஜ் அளவு, முகப்பில் தோன்றிய எச்சரிக்கை ஆகியவற்றைக் குறித்துப் படமும் எடுத்து வையுங்கள். ஜாப் கார்டில் உங்கள் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். “சாதாரணந்தான், போகப்போகச் சரியாகிவிடும்” என்ற வாய்மொழியோடு திரும்பாதீர்கள். பதில் இல்லையேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். பாதுகாப்பைப் பற்றிய குறையானால் வாகன் தளத்திலும் பதிவு செய்யுங்கள். மொழி தெரியாத ஊரில் எதற்கு வம்பு என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அந்த ஒதுக்கத்தால் நாம் அறியாத வேறொரு குடும்பம் ஆபத்துக்குள்ளாகலாம்.

விற்றுவிட்டுப் போகிறவருக்கும் ஒரு சொல். பணத்தை எண்ணி வாங்கியதோடு உங்கள் பொறுப்பு தீர்ந்துவிடவில்லை. சர்வீஸ் காகிதங்கள் அனைத்தையும் கொடுங்கள். பிற்பாடு நிறுவனத்திலிருந்து உங்களுக்கு ஒரு செய்தி வந்தால், பழைய வண்டிதானே என்று அழித்துவிடாமல் வாங்கியவருக்கு அனுப்புங்கள். நம் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் வண்டி விற்பனைச் சீட்டு ஒட்டுவோர், ‘நிலுவை அழைப்பு இல்லை’ என்ற சர்வீஸ் நிலையத்தின் சீட்டையும் உடன் ஒட்ட வேண்டும் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தும்படி செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். செலவு ஒன்றுமில்லை, அரைநாள் அலைச்சல்தான்.

அடுத்த இதழில், நடு ஆண்டில் மாற்றலாகும் பெற்றோர் குழந்தைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழை எவ்வாறு பெறுவது என்பது பற்றி எழுதுவேன்.