கிழவனுக்கு எதற்கு ஊசி?

"கிழவனுக்கு இனிமேல் எதற்கு ஊசி?" தூத்துக்குடியில் என் காதில் விழுந்த கேள்விகளில் மனசை மிகவும் உறுத்தியது இதுதான். கேட்டவர்கள் கொடியவர்கள் அல்ல. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டு, ஊருக்கே இலை போட்டவர்கள்!

மூச்சின் விலை இந்த ஊருக்குத் தெரியாதா? முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றாலும், திரேஸ்புரத்தார் இன்றும் சங்கு குளிக்கிறார்கள். நெஞ்சில் அடக்கிய காற்றையே முதலாகப் போட்டுத் தொழில் செய்த ஊர் இது. அந்த நெஞ்சு தளர்ந்து இருமினால் மட்டும், "வயசாயிட்டுதுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்று கஷாயத்தைக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

இருமலுக்குப் பின்னால் நிமோகாக்கஸ் ஒளிந்திருக்கலாம். 1881-லேயே அடையாளம் கண்ட பழைய எதிரி அது. நுரையீரலில் தங்கினால் நிமோனியா. ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. சிறு குழந்தைகளையும் முதியவர்களையும், சர்க்கரை வியாதிக்காரர்களையும் புகைபிடிப்பவர்களையும் அது அதிகம் வாட்டுகிறது.

குழந்தைகளுக்குச் சர்க்கார் வழி செய்துவிட்டது. 2021 முதல் நாடு முழுவதும் ஊசி இலவசம், வாழ்த்துகிறேன். பேரனுக்குப் போட்டால் தாத்தாவுக்குப் போதாதா? 2000-இல் குழந்தைகளுக்கு இதைத் தொடங்கிய அமெரிக்காவில் பெரியவர்களிடமும் நோய் குறைந்தது உண்மை. ஆனால் இக்கிருமியில் நூறு வகைக்கு மேல் உண்டு. ஊசிக்கு அகப்படாத வகைகள் காலியான இடத்தில் வந்து உட்கார்ந்தன. 2024-இல் அங்கே ஐம்பது வயதானவர்களுக்கெல்லாம் ஊசியைச் சிபாரிசு செய்தார்கள். இங்கே முதியவர் கைக்காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த ஊசி? 23 வகைகளைத் தடுக்கும் பழைய ஊசியின் பலன் சில ஆண்டுகளில் தேயும். புரதத்தோடு இணைத்த புதியது கிருமியை உடம்பின் நினைவில் ஆழப் பதிக்கும். உங்களுக்கு ஏற்றதை டாக்டர் சொல்லட்டும்.

"போட்டாலும் வருமாமே?" வரலாம். நெதர்லாந்தில் 65 வயது கடந்த சுமார் 84,000 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2015-இல் வெளிவந்தது. ஊசிக்குள் அடங்கிய வகைகளால் வரும் நிமோனியா ஏறக்குறையப் பாதியாகத்தான் குறைந்தது. தோணியில் நிற்பவன் பிடித்த கயிறு சுறாவை விரட்டுவதில்லை. அதற்காகக் கயிற்றை வேண்டாமென்றா சொன்னான் முத்துக்குளித்தவன்?

பந்தல் போட வசதியுள்ளவர்கள் அந்தச் செலவில் ஒரு பங்கை ஊசிக்கு ஒதுக்கட்டும். ஆனால் முள்ளக்காட்டு உப்பளத்தில் ஆயுளைக் கரைத்த கிழவிக்கு யார் கொடுப்பது? 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. வாசல் தெரிந்த சர்க்கார் இந்த ஊசியையும் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது, ஓட்டுப் போடும் பிள்ளைகளின் கடமை.