காலுக்குப் பூட்ஸா, பூட்ஸுக்குக் காலா?

நீண்ட கட்டைகளைக் காலில் பூட்டிக் கொண்டு ஆல்ப்ஸ் மலையின் பனிச் சரிவுகளில் சறுக்கி விளையாட ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் போகிறார்கள். அவர்களில் பலர் முதல் நாள் மத்தியானமே பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காலைத் தடவிக் கொண்டு உட்கார்ந்து விடுகிறார்கள். பல மாதம் சேமித்த பணம். கிடைத்ததோ ஒரு வார விடுமுறை. அது வலியிலேயே கழிகிறது. “இந்தப் பூட்ஸ் கடிக்கத்தான் செய்யும்” என்று சமாதானமும் சொல்லிக் கொள்கிறார்கள். இந்தச் சமாதானம் தவறு.

முற்காலத்தில் இந்தப் பூட்ஸ் தோலால் ஆனது. தோல் நாளடைவில் காலுக்கு இணங்கிவிடும். 1960-களில் அமெரிக்கரான பாப் லாங்கே பிளாஸ்டிக் பூட்ஸைக் கொண்டுவந்தார். கட்டையை நினைத்தபடி திருப்புவது அதனால் சுலபமாயிற்று. ஆனால் பிளாஸ்டிக் ஓடு தோலைப் போல் காலுக்கு இணங்குவதில்லை. தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

நம் பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. எழுந்து நின்றதும் உடல் பாரத்தால் உள்ளங்கால் குழிவு தாழ்கிறது. பாதம் சற்றே நீண்டு அகலுகிறது. பூட்ஸோடு வரும் உள் அட்டையோ பெரும்பாலும் தட்டையான மெல்லிய துண்டு. அது பாதத்தைத் தாங்குவதில்லை. விரல் முன்னே முட்டுகிறது, கணுக்கால் ஓட்டில் உரசுகிறது, குதிகால் ஆடுகிறது. ஆட்டத்தை நிறுத்தக் கொக்கியை இறுக்கினால், ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் மரத்துச் சில்லிட்டுப் போகிறது.

இதற்குப் பரிகாரம், அவரவர் பாதத்தில் அச்செடுத்துச் செய்யும் உள் அட்டை. கார்க் போன்ற பொருளைச் சூடேற்றி இளக்கி, பாதத்தின் அடியில் வைத்து அச்செடுக்கிறார்கள். ஆறியபின் அடிப்பக்கத்தைச் சீவி, பூட்ஸுக்குள் அசையாமல் உட்காரச் செய்கிறார்கள். பாதம் சரியாமல் நின்றால் கொக்கியை நெரிக்க வேண்டியதில்லை.

“பூட்ஸே யானை விலை, இதற்கு வேறு செலவா?” என்று கேட்கலாம். வருஷத்தில் இரண்டே நாள் வாடகை பூட்ஸில் சறுக்குகிறவருக்கு இது தேவையில்லைதான். சொந்தப் பூட்ஸ் வாங்குகிறவர், பளபளப்பான புது மாடலுக்குக் கொடுக்கும் அதிகப்படிப் பணத்தை இதற்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

ஆனால் அளவு தப்பிய பூட்ஸை எந்த அட்டையும் காப்பாற்றாது. கடையிலேயே உள்ளுறையை எடுத்துவிட்டு, விரல் நுனி முன்னே தொடும்படி வெறும் ஓட்டில் காலை வைத்து நிற்க வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் இடம் இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் பூட்ஸ் பெரிது. சௌகரியம் என்று எண்ணிப் பெரிய அளவை வாங்குகிறவரே கடைசியில் கொக்கியை அதிகம் இறுக்குகிறார்.

வேலை வரிசையும் முக்கியம். முதலில் உள் அட்டை. பிறகுதான் ஓடு அழுத்தும் இடத்தைச் சூடேற்றி விரிப்பது. அட்டை மாறினால் பாதம் நிற்கும் நிலையும் மாறுமல்லவா? ஒரு நாள் சறுக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வந்தால் சரிசெய்து தருகிற கடைக்காரரே நல்ல கடைக்காரர். அவர் பூட்ஸைக் காட்டுமுன் காலைப் பார்ப்பார்.

செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டிக் கொள்வார் உண்டோ? பூட்ஸ் வாங்கப் போகிறவர்கள் இதை மறக்காதிருந்தால், ஒரு வார விடுமுறை ஒரு வாரமும் விடுமுறையாகவே இருக்கும்.