பிரேக் பழுதுக்குமா பணயம்?

2024 மார்ச் 24, மெல்பர்ன். ஆஸ்திரேலிய கிராண்ட் பிரீயில் முதல் வரிசையில் முதலிடத்திலிருந்து புறப்பட்ட மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் காரில் வலப்பக்கப் பின் பிரேக் இறுகிக்கொண்டது. நான்காவது சுற்றிலேயே புகை கக்கியபடி அவர் வெளியேறினார். அதற்கு முந்தைய ஒன்பது பந்தயங்களிலும் தொடர்ச்சியாக வென்றவர் அவர். அன்று கோப்பையைத் தூக்கியவரோ, குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வாரமே கடந்திருந்த கார்லோஸ் சைன்ஸ்.

ஃபார்முலா 1 நிர்வாகமே நடத்தும் ஃபேன்டசி ஆட்டத்தில் அன்று வெர்ஸ்டாப்பனை நம்பி இரட்டைப் புள்ளி வைத்தவர்களுக்குப் போனது புள்ளி மட்டும்தான். கையில் 10 கோடி டாலர் கற்பனைப் பணம். அதற்குள் ஐந்து ஓட்டுநர்களையும் இரண்டு அணிகளையும் வாங்க வேண்டும். நன்றாக ஓட்டினால் புள்ளி ஏறும், பந்தயத்தை முடிக்காவிட்டால் இறங்கும். கட்டணம் இல்லை. பந்தய நுணுக்கம் படிக்க நல்ல வழி என்றுகூடச் சொல்லலாம். இந்த ஆட்டத்தின் மீது நமக்குப் புகார் இல்லை. இதே ஆட்டத்துக்குள் காசு நுழையும்போதுதான் கவலை தொடங்குகிறது.

அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே டிராஃப்ட்கிங்ஸ் தளத்தில் நாஸ்கார் என்னும் கார் பந்தயத்துக்குப் பணம் கட்டி ஆறு ஓட்டுநர்கள் கொண்ட அணி அமைக்கலாம். புறப்பட்ட இடத்திலிருந்து எத்தனை இடம் முன்னேறினார் என்பதற்கும் புள்ளி உண்டு. டேடோனா பந்தயத் தடத்தில் பல கார்கள் ஒரே நேரத்தில் மோதிச் சிதறுவது வழக்கம் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் கடைசி வரிசையில் புறப்படுபவர்களையே தேடி எடுக்கிறார்கள். முன்னால் போகிறவர்கள் மோதிக்கொண்டால் பின்னால் வருகிறவர் தானாக மேலே வந்துவிடுவாரே! அடுத்தவரின் விபத்தை எதிர்பார்த்துப் பணம் கட்டுவதற்குத் திறமை என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

2006இல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றிய அமெரிக்க நாடாளுமன்றம், ஃபேன்டசி ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. 2018இல் விளையாட்டுப் பந்தயம் கட்டுவதற்கு இருந்த கூட்டாட்சித் தடையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீக்கியதும், ஃபேன்டசியில் வளர்ந்த டிராஃப்ட்கிங்ஸும் ஃபேன்டுயலும் நேரடியாகப் பந்தயக் கடை திறந்தன. வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே கையில் இருந்தார்கள்.

ஃபார்முலா 1 மட்டும் ஒதுங்கி நின்றதா? அதே 2018இல் சூதாட்ட நிறுவனங்களின் விளம்பரத்துக்கு வழிவிடும் ஒப்பந்தத்தில் அது கையெழுத்திட்டது. 2024, 2025 பருவங்களில் சாபர் அணி ‘ஸ்டேக்’ என்ற இணையச் சூதாட்டத் தளத்தின் பெயரைச் சுமந்து ஓடியது. சூதாட்ட விளம்பரத்துக்குத் தடை உள்ள நாடுகளில் மட்டும் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டது. தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காரும் பதினைந்து வயதுப் பையனுக்கு அது கார் அணியின் பெயர், அவ்வளவுதான்.

நம் நாட்டில் ‘இது திறமை, சூதாட்டம் அல்ல’ என்ற வாதத்தின் வேர் கிண்டியில் இருக்கிறது. மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்றது. 2017இல் ஃபேன்டசி கிரிக்கெட்டுக்குப் பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் பச்சைக்கொடி காட்டியபோதும் அந்தத் தீர்ப்பே துணைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுவது எதுவானாலும் நடத்தக் கூடாது என்றது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. அது சரியான முடிவு.

ஆனால் சட்டம் உள்ளூர் நிறுவனங்களின் கடையைத்தான் சாத்தியது. வெளிநாட்டிலிருந்து இயங்கி, கிரிப்டோவில் பணம் வாங்கும் தளங்களை அபராதம் காட்டி மிரட்ட முடியாது. ஒரு முகவரியை முடக்கினால் மறுநாள் இன்னொரு முகவரி. நண்பர்கள் தனி லீக் தொடங்கி, வாட்ஸ்ஆப் குழுவில் தலைக்கு 500 ரூபாய் ஜிபேயில் வசூலித்தால் எந்த அதிகாரிக்குத் தெரியப்போகிறது?

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துக் கவலை அல்ல. நரேன் கார்த்திகேயனை ஃபார்முலா 1க்கு அனுப்பிய ஊர் கோவை. இருங்காட்டுக்கோட்டையில் பல ஆண்டுகளாகப் பந்தயம் நடக்கிறது. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவில் பறந்தன. ரசிகர்கள் பெருகுகிற இடத்துக்குச் சூதாட்டக்காரர்கள் தாமதமாக வருவதில்லை. முகவரிகளைத் துரத்துவதோடு நில்லாமல், அவற்றுக்குப் பணம் போகும் வழிகளை மத்திய அரசு அடைக்க வேண்டும். இங்கே ஒளிபரப்பாகும் பந்தயங்களில் சூதாட்டப் பெயர்கள் மறைக்கப்பட வேண்டும். பந்தயம் நடத்த உரிமம் கேட்பவர்களிடம் அத்தகைய விளம்பரதாரர் கிடையாது என்று தமிழ்நாடு அரசு எழுதி வாங்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று: பிள்ளை ஃபேன்டசி அணி அமைத்தால் திட்ட வேண்டாம். அதற்கு நுழைவுக் கட்டணம் உண்டா என்று மட்டும் கேளுங்கள். உண்டு என்றால், அன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.